விளக்கெண்ணெயில் முக்கிய தண்டவாள ஆணி

முத்தியால்பேட்டை,
மே 2

திரு. செம்மல் அவர்களுக்கு,

நேற்று காவல் நிலையத்தில் ஏட்டையா சொன்னபடி இதை எழுதுகிறேன். "ரெண்டு பேரும் படிச்சவங்க. வாயத் தொறந்தா தெருவே கூடிடுது. இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் குடுத்துக்குங்க. எழுதறப்ப கை வலிக்கும், கோவம் பாதி கொறைஞ்சிடும்" என்று அவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். நகராட்சியில் வேலை பார்த்த காலம் முழுவதும் மற்றவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதியவள் நான். எனக்குக் கை வலிக்காது, கோபமும் குறையாது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

சித்திரை பிறந்ததிலிருந்து உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தினமும் மாலையில் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் கேட்கிறது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்வேன். என் கணவர் உயிரோடிருந்தவரை அவர் குறட்டையைப் பொறுத்தவள். புகையைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மாடியில் வடகம் காய்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து எல்லாம் சேர்த்து உருட்டி, பகலெல்லாம் வெயிலில் வைத்து, மாலையில் விளக்கெண்ணெய் தொட்டு மறுபடியும் உருட்டி வைப்பது. அதன் மேல் உங்கள் கரித்தூள் வந்து உட்கார்கிறது. முந்தாநாள் ஓர் உருண்டையில் கடுகு என்று நினைத்து நான் வாயில் போட்டது கரி.

வீட்டுச் சமையலுக்கான வடகம் என்றால் நான் போலீஸ் வரை போயிருக்க மாட்டேன். என் மகள் கலைவாணி பிரான்ஸில் துலூஸ் ஊரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை எடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஜூன் கடைசியில் திறக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் சொல்தா குடும்பம். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வருகிற வீட்டில் பெண் எதற்கு அடுப்படியில் நிற்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். இவள் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்ததை எல்லாம் அந்தக் கடையில் போட்டிருக்கிறாள். நம் ஊர் வடகம் போட்டுத் தாளித்த மீன் குழம்பு அந்தத் தெருவில் யாரிடமும் கிடையாது, அதை வைத்துத்தான் கடையே என்கிறாள். பக்கத்துத் தெரு கனீஸ் பாத்திமா தன் பிள்ளைகளைப் பார்க்க ஜூன் எட்டாம் தேதி பிரான்ஸ் போகிறார். பெட்டியில் பாதி இடம் எனக்கு என்று சொல்லியிருக்கிறார். கத்திரி வெயில் முடிவதற்குள் வடகம் காய்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் பெயர்ப்பலகையைத்தான் தாளிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் தொழிற்சாலையை உடனே நிறுத்தவும். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். மதில்மேல் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் வைத்தால் எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பாக்கியலட்சுமி


மே 3

பாக்கியலட்சுமி அக்காவுக்கு,

நேற்றுவரை 'தம்பி'யாக இருந்தவன் ஒரே நாளில் 'அவர்கள்' ஆகிவிட்டேன். கட்டின மனைவி சங்கரியே அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். நான் அக்கா என்றே எழுதுகிறேன். ஏட்டையா அதற்குத் தடை ஏதும் போடவில்லை.

தொழிற்சாலை எல்லாம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இருக்கிறது. நான் செய்வது கத்தி. ஒரே ஒரு கத்தி.

போன மாதம் டாக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, "ஷோரூம் கணக்கைப் படுக்கை வரைக்கும் தூக்கிட்டுப் போறீங்க சார். சாயந்திரம் கையால எதுனா செய்ங்க. மனசு லேசாவும்" என்றார். அவர் சொன்னது தோட்டம் போடுவதை என்பது சங்கரியின் வாதம். நானும் தோட்டம் என்றுதான் யூடியூபில் தேடினேன். மண்வெட்டி வந்தது, மண்வெட்டி அடிக்கிற பட்டறை வந்தது, கடைசியில் 'முதன்முதலாகச் சுத்தியல் பிடிப்பவர்களுக்கு: தண்டவாள ஆணியில் கத்தி' என்ற இடத்தில் போய் நின்றேன். இப்போது என் பிரஷர் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு ஏறியிருக்கும் என்று சங்கரி சொல்கிறாள்.

புதிதாகத் தொடங்குகிறவனுக்குத் தண்டவாள ஆணியைவிட நல்ல பொருள் கிடையாதாம். முன்பெல்லாம் தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை போடுவார்களே, அதில் அடித்திருந்த ஆணி. கட்டைவிரலைவிடப் பருமன். ஒரு முனையில் தலை இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டால் பிடியின் அடிப்பக்கம் தயார். மரப்பிடி வேண்டாம், துளை போட வேண்டாம். மறுபாதியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டிப் பட்டையாக்கினால் கத்தி. வீடியோவில் அவ்வளவுதான் தெரிந்தது.

ரயிலைக் கவிழ்த்து எடுத்த ஆணி அல்ல. பழைய இரும்புக் கடை தல்ஹா பாயிடம் வாங்கியது. ரயில்வே போலீஸ் வருமோ என்ற பயத்தில் சங்கரி அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். உலை, ஒரு லாரியின் பிரேக் டிரம். கரி, கொட்டாங்கச்சிக் கரி. காற்றுக்குச் சங்கரியின் ஹேர் டிரையர். அவள் தலை இப்போது வெயிலில் காய்கிறது. இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கு ஒரு முழத் தண்டவாளத் துண்டு. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட "ஐயோ அம்மா" சீரியல் இல்லை, என் இடது கட்டைவிரல்.

ஒரு சமாதானம் சொல்கிறேன். நீங்கள் வடகத்தை உள்ளே எடுத்த பிறகு உலை மூட்டுகிறேன். மாலை ஆறு மணி சரியா?

அன்புடன்,
செம்மல்


மே 5

திரு. செம்மல் அவர்களுக்கு,

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் கிடைத்தது. ரசீது சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது குறித்து எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாலை ஆறு மணி சரிப்படாது. உங்கள் வீடு கிழக்கே, என் வீடு மேற்கே. மதியத்துக்கு மேல் கடல்காற்று உங்கள் பக்கமிருந்து என் பக்கம்தான் வீசும். வடகத்தை உள்ளே எடுத்து வைத்தாலும் புகை ஜன்னல் வழியாக அதைத் தேடிக்கொண்டு வருகிறது. காலையில் மேல்காற்று. அப்போது உங்கள் புகை உங்கள் வீட்டைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். மீன்களிடமிருந்து புகார் வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் உலை மூட்ட அனுமதிக்கிறேன்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். இந்தத் தொல்லை எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன், வேறு ஆர்வம் எதுவும் கிடையாது. மூன்று தடவை பார்த்தேன். பிறகு மாடியிலிருந்து உங்களையும் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் இரும்பு பூசணிப்பூ நிறத்தில் இருக்கும்போது அடிக்கிறார். நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைக்கிறார். நீங்கள் கன்னங்கரேலென்று ஆன இரும்பைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கு என்ன தோன்றும்? நிறம் போனதும் நிறுத்தினால் சத்தம் பாதியாகக் குறையும். இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதுவும் புகார்தான்.

நேற்று ஆணியைக் குறட்டோடு கீழே போட்டுவிட்டு நீங்கள் ஒற்றைக் காலில் குதித்ததையும் பார்த்தேன். ரப்பர் செருப்போடு உலைக்குப் பக்கத்தில் நிற்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். ஷூ வாங்கவும்.

இப்படிக்கு,
பாக்கியலட்சுமி


மே 9

அக்காவுக்கு,

காலை ஆறு மணி என்று ஒன்று உண்மையிலேயே இருப்பது இந்த வாரம்தான் தெரிந்தது.

உங்கள் புகாரின்படி நிறம் பார்த்து அடித்தேன். மூன்று வாரமாக அசையாத ஆணி இரண்டே காலையில் பட்டையாகிவிட்டது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை என்றாலும் எழுத்தில் தருகிறேன். அடுத்து பிடியை முறுக்கினேன். தலையைக் குறட்டால் பிடித்துத் திருகினால் கயிறு முறுக்கியதுபோல அழகாக வரும் என்று காட்டினார்கள். எனக்கு ஒரு பாதி கயிறு, ஒரு பாதி ஆணி. கத்தியின் முனை கொஞ்சம் வடக்கே பார்க்கிறது. "செத்துப்போன விரால் மாதிரி கீது" என்றாள் சங்கரி. மீன் ஜாடையாவது வந்ததே என்று எடுத்துக்கொண்டேன்.

இனி இரண்டு துக்கச் செய்திகள்.

கத்திக்குப் பதம் ஏற்ற வேண்டுமானால், காந்தம் ஒட்டாத அளவுக்கு அதைக் காய்ச்ச வேண்டும். எங்கள் வீட்டிலிருந்த ஒரே காந்தம் பிரிட்ஜ் கதவில் இருந்த ஈஃபிள் கோபுரம். நீங்கள் மகளைப் பார்த்துவிட்டு வந்தபோது கொடுத்தது. பக்கத்தில் கொண்டுபோனேன், கை நழுவியது, கோபுரம் உலைக்குள் விழுந்து சொட்டிவிட்டது.

இரண்டாவது செய்தி பெரிது. பழுத்த கத்தியை உடனே எண்ணெயில் முக்க வேண்டும். என்ன எண்ணெயானாலும் பரவாயில்லை என்றார்கள். சமையலறையில் ஒரு தூக்கு நிறைய எண்ணெய் இருந்தது. எடுத்து வந்து முக்கினேன். குபுகுபுவென்று புகை, ஓரமாகக் கொஞ்சம் தீ. மூடி போட்டு அணைத்துவிட்டேன். சங்கரி ஓடி வந்து தூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது உங்கள் விளக்கெண்ணெயாம். வடகத்துக்காகச் செக்கில் சொல்லி வைத்து உங்களுக்கு வாங்கி வந்ததாம்.

நீங்களும் அவளும் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "எழுதணும்னு ஏட்டையா சொன்னது ஒங்க ரெண்டு பேருக்கும். எனுக்கா சொன்னாரு?" என்கிறாள்.

எண்ணெய் என் பொறுப்பு. எந்தச் செக்கு என்று எழுதுங்கள். சங்கரி என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். பேச்சையே நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள்ளும் எழுத்துமூலம்தான் போலிருக்கிறது.

செம்மல்


மே 14

செம்மலுக்கு,

எண்ணெய் வேண்டாம். தொட வேண்டிய வடகம் இல்லை.

அந்தச் செக்கில் வியாழக்கிழமைதான் விளக்கெண்ணெய் ஆட்டுவார்கள். கடை எண்ணெய் வாங்கித் தொட்டிருக்கலாம். அதில் மருந்து வாசனை அடிக்கும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். சங்கரி கூடச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு நாள் மேகமூட்டம் வேறு. எண்ணெய் தொடாத வடகத்தைத் துணி போட்டு மூடி வைத்தேன். இன்று காலை திறந்தால் ஓரமெல்லாம் பூஞ்சை. உள்ளேயும் போயிருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாதி தவறு என்னுடையது. மீதிப் பாதி உங்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புதிதாகப் போட வேண்டுமானால் இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டாக வேண்டும். தாண்டினால் வெயில் போதாது, கனீஸ் பாத்திமா கிளம்பிவிடுவார். ஒரு மூட்டை வெங்காயம். எனக்கு எப்போதும் உரலில் இடித்துத் தருகிற சின்னப்பொண்ணு கை சுளுக்கிக் கட்டுப் போட்டிருக்கிறாள். மிக்ஸியில் போட்டால் சட்னியாகிவிடும், சட்னி வடகமாகாது. கலைவாணியிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று வீடியோவில் கூப்பிட்டு, கடைச் சுவருக்கு மஞ்சள் அடிப்பதைக் காட்டினாள். "அம்மா, வடகம் எந்த மட்டும் வந்துச்சு?" என்று கேட்டாள். காய்கிறது என்றேன்.

உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதும் பழக்கமாகிவிட்டது.

பாக்கியலட்சுமி


மே 15

அக்கா,

நேற்று உங்கள் கடிதத்தைச் சங்கரிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

உலையை மூடிவிட்டேன். பிரேக் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் மல்லிகைத் தொட்டியை வைத்தாயிற்று. டாக்டர் சொன்ன தோட்டம் அதுவாகவே இருக்கட்டும்.

கத்தி முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரம் போட்டேன், சாணைக்கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். நேற்று முதல் வெட்டு, தக்காளி. நசுங்கியது. அடுத்து வாழைக்காய். வெட்டுவது போலவே ஆரம்பித்துப் பாதியில் பிளந்தது. வெண்டைக்காய் வழுக்கி ஓடிவிட்டது. "இது கத்தி இல்ல. ஒலக்கைக்குப் பொறந்த புள்ள" என்று சொல்லி, சமையலறைக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்றாள் சங்கரி. தண்டவாள ஆணியில் கார்பன் கம்மியாம். என்ன செய்தாலும் நல்ல கூர் நிற்காதாம். இதை வீடியோவின் கடைசியில் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் கடைசிவரை பார்த்ததில்லை. மூன்று தடவை பார்த்த உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சங்கரியும் வெங்காயம் அரிய வருகிறோம். கடையில் வாங்கிய நல்ல கத்தி இரண்டு கொண்டுவருகிறேன். வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

செம்மல்


மே 16

செம்மலுக்கு,

தெரியும். நீங்கள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரலாம். வேலை நடக்கும் இடத்தில் நாம் இருவரும் பேசக் கூடாது. ஏட்டையாவின் உத்தரவு நடப்பில் இருக்கிறது. அவசியமானதைத் துண்டுச் சீட்டில் எழுதவும். பேனா கொண்டுவரவும், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

பாக்கியலட்சுமி


மே 18, ஞாயிறு
(பாக்கியலட்சுமி வீட்டுக் கூடத்தில் கைமாறிய துண்டுச் சீட்டுகள்)

செம்மல்: ஆரம்பிக்கலாமா?

பாக்கியலட்சுமி: சங்கரி பாதி முடித்துவிட்டாள். நீங்கள் இன்னும் வெங்காயத் தோலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

செம்மல்: கண் தெரியவில்லை.

பாக்கியலட்சுமி: எனக்கும். இது உங்களுக்காக இல்லை, வெங்காயத்துக்காக.

செம்மல்: தெரியும் அக்கா.

பாக்கியலட்சுமி: நீங்கள் அரிந்ததைப் பார்த்தேன். கல்யாண சாலட்டுக்கு அரிந்ததுபோல் இருக்கிறது. வடகத்துக்கு இவ்வளவு சுத்தமாக அரியக் கூடாது. கொஞ்சம் நசுங்கிச் சாறு விட வேண்டும். அப்போதுதான் மசாலா ஒட்டும். அதற்காகத்தான் உரல்.

செம்மல்: கத்தி நல்ல கத்தி. நசுங்க மாட்டேன் என்கிறது.

பாக்கியலட்சுமி: மின்விசிறிக்குச் சீட்டுகள் பறக்காமல் மேலே எதையோ வைத்திருக்கிறீர்களே, அது என்ன?

செம்மல்: அதுதான்.

பாக்கியலட்சுமி: எதுதான்?

செம்மல்: தண்டவாள ஆணி. கனமாக இருக்கிறதே என்று பேப்பர் வெயிட்டாகக் கொண்டுவந்தேன். சமையலறைக்குள் கொண்டுபோகவில்லை. இது கூடம்.

பாக்கியலட்சுமி: கழுவிவிட்டு அதால் ஒரு கைப்பிடி வெட்டுங்கள்.

செம்மல்: வெட்டாது.

பாக்கியலட்சுமி: வெட்டச் சொன்னேன்.

பாக்கியலட்சுமி: இன்னொரு கைப்பிடி.

பாக்கியலட்சுமி: நிறுத்தாதீர்கள்.

செம்மல்: சரியாக இருக்கிறதா?

பாக்கியலட்சுமி: வெட்டுகிறது, நசுக்கவும் செய்கிறது. உரலில் சின்னப்பொண்ணு இடித்தால் இப்படித்தான் வரும். அதைத் திருப்பிப் பிடித்து அந்த ஆணித்தலையால் பூண்டை ஒரு தட்டுத் தட்டுங்கள்.

செம்மல்: தோல் தனியாக வந்துவிட்டது!

பாக்கியலட்சுமி: பார்த்தேன். சத்தமாகச் சிரிக்க வேண்டாம். சிரிப்பு எழுத்துமூலம் இல்லை.

செம்மல்: சிரித்தது சங்கரி.


ஜூன் 9

தம்பி செம்மலுக்கு,

நேற்று கனீஸ் பாத்திமா கிளம்பிவிட்டார். வடகம் கல்லு மாதிரி காய்ந்து, கறுப்பும் சிவப்புமாக, நான் இதுவரை போட்டதிலேயே நல்லதாக வந்தது. எடை போட்டுப் பார்த்துவிட்டு அவர் தன் சேலைகள் சிலவற்றை வெளியே எடுத்துவிட்டார். "சேலை அங்கயும் கிடைக்கும்மா, இது கிடைக்குமா?" என்றார். ஏர்போர்ட்டில் நாய் வந்து மோந்து பார்த்தால் என்ன சொல்வது என்ற கவலை மட்டும் அவருக்கு இருந்தது. நாய்க்குப் பசி வரும், அவ்வளவுதான் என்றேன்.

கலைவாணியிடம் முதல் தடவை பூஞ்சை பிடித்ததை இப்போதுதான் சொன்னேன். அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு கத்தியைக் காட்டச் சொன்னாள். வெங்காயம் அரிந்த அன்று சங்கரி எடுத்த வீடியோவை அனுப்பினேன். அவள் கேட்டது: "அம்மா, அந்தக் கத்தி எனக்கு ஒண்ணு வேணும். இங்க கெடைக்கறதெல்லாம் பட்டுனு வெட்டிடுது, தட்டிப்போட மாட்டேங்குது."

கனீஸ் பாத்திமாவின் கணவர் கமருஸ்ஸமான் பதினெட்டாம் தேதி போகிறார். பெட்டியில் வைத்து எடுத்துப்போகச் சம்மதித்துவிட்டார். ஆகவே இன்னொரு கத்தி தேவைப்படுகிறது. இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. செய்முறையை மாற்றக் கூடாது. இப்போது வீடியோவைக் கடைசிவரை பார்த்திருப்பீர்கள். எதையாவது கற்றுக்கொண்டு நல்ல கத்தியாகச் செய்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. கடைசியில் கொஞ்ச நேரம் கறுத்த இரும்பையே அடியுங்கள். விளக்கெண்ணெயிலேயே முக்குங்கள். எண்ணெய் இந்தத் தடவை நான் தருகிறேன். நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது. மல்லிகைத் தொட்டியை என் பக்கம் வைத்துக்கொள்கிறேன்.

பாக்கியலட்சுமி அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளில் என் கையில் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டை இருந்தது. தல்ஹா பாய் கொடுத்தது. நல்ல இரும்பு, அதில் செய்தால் தலைமுடியை வெட்டும் என்றார். நான் முன்னேறலாம் என்று நினைத்திருந்த நேரத்தில் நீங்கள் பின்னேறச் சொல்லிவிட்டீர்கள்.

தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்து திரும்பச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் வீடியோ போடவில்லை. கறுத்த இரும்பை அடிக்கக் கை வரமாட்டேன் என்கிறது. நிறம் போனதும் தானாக நின்றுவிடுகிறது. கை கெட்டுப்போய்விட்டது அக்கா, நல்லதைப் பழகிவிட்டது. முதலில் செய்த ஒன்று தக்காளியைச் சுத்தமாக வெட்டித் தொலைத்தது. சங்கரிக்கு ஒரே சந்தோஷம், "இத நான் வச்சிக்கறேன்" என்று எடுத்துக்கொண்டாள். சமையலறைக்குள் கத்தியும் நானும் மறுபடி அனுமதிக்கப்பட்டிருக்கிறோம். ஆனால் துலூஸுக்கு அது ஆகாது.

நேற்று வேண்டுமென்றே ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஷோரூமின் மார்ச் மாதக் கணக்கை நினைத்துக்கொண்டே அடித்தேன். வந்துவிட்டது. முனை இந்தத் தடவையும் வடக்கே பார்க்கிறது. தக்காளி நசுங்கியது. வெண்டைக்காய் ஓடியது. இவ்வளவு திருப்தியாக ஒரு வெண்டைக்காயைத் துரத்தியதில்லை.

கத்தியை மதில்மேல் செங்கல்லுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நீங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். "போலீஸ் டேசன் வரிக்கும் போயாச்சு. இன்னும் இன்னா சண்டை பாக்கி கீது?" என்று சங்கரி கேட்கிறாள். இருந்தாலும் மதில்மேலேயே இருக்கட்டும்.

செம்மல்


ஜூன் 29

தம்பிக்கு,

நேற்று கடை திறந்துவிட்டாள். மத்தியானம் நான்கைந்து பேர்தான் வந்தார்களாம். சாயந்திரம் கடை வாசலிலேயே பலகை போட்டு, உங்கள் கத்தியால் வெங்காயத்தைத் தட்டித் தட்டி வெட்டி, வடகத்தை எண்ணெயில் போட்டுப் பொரித்திருக்கிறாள். வாசனை தெருமுனை வரை போயிருக்கிறது. எதிர்ச்சாரியில் ரொட்டிக் கடை வைத்திருக்கிற பிரெஞ்சுக்கார மெசியே முதலில் வந்தாராம், புகார் கொடுக்கத்தான். "என் கடைக்குள்ள ரொட்டி வாசனையே தெரியல" என்று ஆரம்பித்தவர் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் ஒரு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போனாராம். ராத்திரி எட்டு மணிக்குக் குழம்பு தீர்ந்து கதவை மூடினாள். இதைச் சொல்லும்போது அழுதாள். வெங்காயம் என்றாள்.

இத்துடன் ஒரு யூரோ காசு வைத்திருக்கிறேன். போன தடவை அங்கிருந்து வந்தபோது என் பர்ஸில் தங்கியது. விலை என்று நினைக்க வேண்டாம். கத்தியைச் சும்மா வாங்கினால் நட்பு அறுந்துவிடும், பதிலுக்கு ஒரு காசாவது கொடுத்துவிடணும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். கலைவாணி கண்டிப்பாகக் கொடுக்கச் சொன்னாள். நீங்கள் மதில்மேல் வைத்தீர்கள், நான் காசு வைத்துவிட்டேன். இரண்டு ஊர்ச் சம்பிரதாயமும் முடிந்தது. இனி சண்டை வந்தால் அது நம் சொந்த முயற்சி.

நேற்றே போய்ப் புகாரையும் வாபஸ் வாங்கிவிட்டேன். ஏட்டையா, "ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிறீங்களா?" என்றார். "இல்லைங்க, எழுதிக்கிறோம்" என்றேன். "சமாதானம்னா பேசிக்கணும்மா." "பேசினா சண்டை வந்துடுங்க." அவர் புகார் நோட்டை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

ரொட்டிக் கடைக்காரர் தனக்கும் ஒரு கத்தி வேண்டும் என்கிறாராம். அவசரம் இல்லை. ஆனால் இந்த வாரம் முழுவதும் உங்கள் பக்கமிருந்து சத்தமே இல்லை. காலையில் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், ஏழாகிறது, எட்டாகிறது. மேல்காற்று வீணாகப் போகிறது. சங்கரியைக் கேட்டால் "ஒங்களுக்குள்ள நீங்களே எழுதிக்குங்க" என்கிறாள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பாக்கியலட்சுமி அக்கா


ஜூன் 29
(துண்டுச் சீட்டு)

உடம்பு நன்றாக இருக்கிறது அக்கா. கரி தீர்ந்துவிட்டது. கொட்டாங்கச்சி இருந்தால் மதில்மேல் வையுங்கள்.
செம்மல்

(அதே சீட்டின் பின்பக்கம்)

ஒரு மூட்டை வைத்து நாலு நாளாகிறது. செங்கல்லைப் பார்த்த நீங்கள் அதற்குப் பக்கத்தில் பார்க்கவில்லை. ஷூ போட்டுக்கொண்டு வந்து எடுக்கவும்.